குண்டுக்கு எதற்குக் கொழுப்பு?



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். ஐந்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடவேளை முடிய இன்னும் சில மணித்துளிகளே எஞ்சியிருந்தன. 1857ஆம் ஆண்டில் நிகழ்ந்த இந்தியச் சிப்பாய்களின் எழுச்சியைப் பற்றிய படமொன்றை முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்திருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, அந்தத் தோட்டாவுல எதுக்குக் கொழுப்பு தடவினாங்க? தடவாமலே விட்டிருந்தா சண்டையே வந்திருக்காதே?"

நான் சற்றும் தயங்காமல் விடை சொன்னேன். "நம்மவர்களின் சமயத்தை இழிவுபடுத்த வேண்டும் என்பதற்காகவே வெள்ளையர் அவ்வாறு செய்தனர்." வகுப்பே தலையசைத்தது. அவன் மட்டும் அமரவில்லை.

"அப்படின்னா வெள்ளைக்காரச் சிப்பாய்ங்களுக்கு வேற தோட்டாவா குடுத்தாங்க, ஐயா?"

மணி அடித்தது. என் நல்லகாலம் என்றே அப்போது நினைத்தேன். ஆனால், வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன். அதுவும் பகையை விதைக்கும் விடையாகச் சொல்லிவிட்டேன். விடுமுறை முழுவதும் இதைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஒரு கைவிரல் அளவுகூட இல்லாத ஈயக் குண்டின்மேல் தடவப்படும் மெல்லிய பூச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு வரலாறு இருப்பதைக் கண்டு வியந்தேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுடுகலன் சட்டம் மிகக் கடுமையாக உள்ள நாடு நம்முடையது. நான் துப்பாக்கியைக் கையால் தொட்டவனும் அல்லன். இக்கட்டுரை போரைப் போற்றுவதற்கும் அன்று. தொலைவிலுள்ள இலக்கை மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் தொடவேண்டும் என்னும் விளையாட்டுக் கலையில், மனிதன் எப்படிப் பிழைசெய்து, எப்படிச் சோதித்து, எப்படித் தெளிந்தான் என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

1. சுழலும் குண்டும் எண்ணெய்த் துணியும்

பழைய துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருந்தது. உருண்டையான ஈயக் குண்டு, குழலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. வாய்வழியே போட்டால் தடையின்றி உருண்டு உள்ளே போய்விடும். விரைவாக நிரப்பலாம் என்பது அதன் நன்மை. வெடித்து வெளியேறும்போது குழலின் பக்கங்களில் மோதி மோதி, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ப எங்கோ பறந்துபோகும் என்பது அதன் தீமை. நூறு கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்துச் சுடுவது ஏறக்குறைய வீண் முயற்சியாகவே இருந்தது.

குழலின் உட்புறத்தில் திருகாணியைப்போல் சுழல்வரிகளைச் செதுக்கினால், குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப்போல், சுழலும் குண்டும் திசை மாறாமல் செல்லும். இந்த உண்மையை அறிவியல் முறையில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலார். 1742இல் பீரங்கிக்கலை பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்ட இவர், 1747இல் சுழல்வரிக் குழல்களைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை படித்தார்.

ஆனால், இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குண்டு சுழலவேண்டுமானால் அது வரிகளை இறுகப் பற்றவேண்டும். இறுகப் பற்றினால் வாய்வழியே உள்ளே தள்ளுவது கடினம். செருமானிய வேட்டைக்காரர்களும் அவர்களைப் பின்பற்றிய வட அமெரிக்கக் குடியேறிகளும் எளிய வழியொன்றைக் கையாண்டனர். எண்ணெயோ கொழுப்போ தோய்த்த சிறு துணித்துண்டைக் குழல்வாயில் விரித்து, அதன்மேல் குண்டை வைத்து அழுத்தினர். துணி வரிகளைப் பற்றியது. குண்டு துணியைப் பற்றியது. எண்ணெய்ப் பசை உராய்வைக் குறைத்தது. குழலைவிட்டு வெளியேறியதும் துணி நழுவி விழ, குண்டு தனியே பறந்தது.

குண்டுக்கு அணிவிக்கப்பட்ட முதல் மேலாடை இதுவே எனலாம். பின்னாளில் வந்த பூச்சுகள் யாவும் இந்த எண்ணெய்த் துணி செய்த அதே மூன்று வேலைகளைத்தான் வெவ்வேறு வகையில் செய்தன. குழலுக்கும் குண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியை அடைத்தல், உராய்வைக் குறைத்தல், குழலில் படியும் கசடு ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே நிலையில் இருக்கச் செய்தல் ஆகியனவே அவை. மூன்றாவதுதான் மிக முதன்மையானது. அதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

2. 1857: ஒரு பூச்சும் ஒரு பேரரசும்

1840களின் இறுதியில் பிரெஞ்சுப் படை அதிகாரி குளோட் மினியே, அடிப்பகுதி குடையப்பட்ட கூம்பு வடிவக் குண்டொன்றை உருவாக்கினார். அது குழலைவிடச் சிறியது. எளிதில் உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் குடைந்த அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். பிரித்தானியப் படையின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கி இவ்வகைக் குண்டையே ஏற்றது. பல நூறு கெஜ தூரம் குறிவைக்கக்கூடிய அத்துப்பாக்கி, பழைய வழுவழுப்புக் குழல் துப்பாக்கியை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளியது.

என்ஃபீல்டின் தோட்டா காகிதத்தால் ஆனது. அதனுள் ஒருபுறம் மருந்தும் மறுபுறம் குண்டும் இருந்தன. வீரன் காகிதத்தின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, காகிதம் சுற்றிய குண்டைத் தலைகீழாகத் திருப்பிக் குழல்வாயில் நுழைத்து, எஞ்சிய காகிதத்தைக் கிள்ளியெறிந்து, கோலால் உள்ளே தள்ளவேண்டும். குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின்மேல்தான் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு இருந்தது.

ஏன் அந்தப் பூச்சு? அக்காலத்து வெடிமருந்து கரி, கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து. அது எரிந்தபின் குழலில் கெட்டியான கசடு படியும். சில சூடுகளுக்குப் பிறகு குண்டு உள்ளே இறங்கவே மறுக்கும். பூச்சிலுள்ள பசை அந்தக் கசட்டை இளக்கி, அடுத்த குண்டுக்கு வழிவிடும். ஆகவே, என் மாணவனின் முதற்கேள்விக்கு விடை இதுதான்: பூச்சு இல்லையென்றால் துப்பாக்கி சிறிது நேரத்திலேயே பயனற்றுப்போகும். அவனுடைய இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பிரித்தானிய வீரர்களும் அதே வகைத் தோட்டாவைத்தான் கடித்தனர்.

அவ்வாறாயின் பிழை யாருடையது? இதுதான் நெஞ்சை உறுத்தும் பகுதி. வெப்பநாட்டில் பூச்சு எவ்வாறு தாங்கும் என்பதைச் சோதிக்க, 1853இலேயே இத்தகைய தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அப்போதே வங்காளப் படையின் உயர் அதிகாரி டக்கர், பூச்சிலுள்ள கொழுப்பு எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தாதது என்பது உறுதியானாலன்றி அதை இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கக்கூடாதென எழுத்துமூலம் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அலுவலகக் கோப்புகளுக்குள் அமிழ்ந்துபோனது. பின்னர் கல்கத்தாவில் தோட்டாக்கள் செய்யப்பட்டபோது, கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதில் எவரும் அக்கறை காட்டவில்லை. பசுவின் கொழுப்பு இந்துக்களுக்கும் பன்றியின் கொழுப்பு முஸ்லிம்களுக்கும் ஆகாது என்பதை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1857 சனவரியில் டம்டம்மில் ஐயம் கிளம்பியது. அரசு விரைந்து இறங்கிவந்தது உண்மை. சிப்பாய்கள் தாங்களே விரும்பிய பொருளைப் பூசிக்கொள்ளலாம் என்றது. பல்லால் கடிப்பதற்கு மாற்றாகக் கையால் கிழிக்கலாம் என்றது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஐயம் பூச்சிலிருந்து காகிதத்தின் பளபளப்புக்குத் தாவியது. ஏப்பிரல் 24ஆம் நாள் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களுள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று வழங்கப்பட்டவை அவர்கள் முன்பே பயன்படுத்திவந்த பழைய வகைத் தோட்டாக்களே. மே 9ஆம் நாள் அவர்கள் விலங்கிடப்பட்டுச் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் மீரட் பற்றியெரிந்தது.

தோட்டா மட்டுமே காரணமன்று. 1856இல் அவத் நாடு பறிக்கப்பட்டதும், கடல்கடந்தும் பணியாற்றவேண்டுமென்ற புதிய ஆணையும், ஊதியக் குறையும், வேறு பல மனக்கசப்புகளும் உள்ளே புகைந்துகொண்டிருந்தன. ஆனாலும், நம்பிக்கை வற்றிய இடத்தில் ஒரு துளிக் கொழுப்பு தீப்பொறியாகிவிட்டது. என் முதல் விடை "சூழ்ச்சி" என்றது. வரலாறு காட்டுவதோ அதைவிடக் கொடியதொன்றை, கேளாமையை. எச்சரித்தவர் இருந்தார். கேட்டவர் இல்லை.

3. விம்பிள்டனும் கிரீடுமூரும்

அதே காலத்தில் இங்கிலாந்தில் குறிசுடுதல் ஒரு தேசிய விளையாட்டாக வளர்ந்தது. 1859இல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. 1860 சூலை 2ஆம் நாள் விம்பிள்டன் திடலில் நடைபெற்ற முதற்போட்டியை விக்டோரியா அரசியார் தொடக்கிவைத்தார். தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியின் கயிற்றை அவர் இழுக்க, குண்டு 400 கெஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு ஓரிரு அங்குலத் தொலைவுக்குள் பாய்ந்தது. அந்தத் துப்பாக்கியை வடிவமைத்த சோசப்பு விட்வொர்த், அங்குலத்தின் நுண்பகுதிகளை அளப்பதில் தேர்ந்த பொறியியலாளர். போர்க்களத்தில் "ஏறக்குறைய" போதும். போட்டித் திடலில் அது போதாது. பூச்சு பற்றிய ஆய்வு இங்கிருந்துதான் உண்மையில் கூர்மை பெறுகிறது.

1874 செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கு அருகே கிரீடுமூர் என்னுமிடத்தில் நடந்த போட்டியை இக்கலையின் வரலாற்றில் தனியே குறிப்பிடவேண்டும். அயர்லாந்து அணி முந்திய ஆண்டில் விம்பிள்டனில் வாகை சூடிய அணி. அமெரிக்கரோ இத்துறையில் புதியவர்கள். ஓர் அணிக்கு அறுவர். 800, 900, 1000 கெஜம் என மூன்று தொலைவுகள். ஒவ்வொரு தொலைவிலும் ஒவ்வொருவருக்கும் 15 சூடு. அயர்லாந்தினர் வாய்வழி நிரப்பும் இரிக்பித் துப்பாக்கிகளையும், அமெரிக்கர் பின்வழி நிரப்பும் ரெமிங்டன், சார்ப்ஸ் துப்பாக்கிகளையும் கொண்டுவந்தனர்.

இக்காலத்தில் நெடுந்தொலைவுக் குண்டுகளுக்குக் காகிதமே மேலாடையானது. மெல்லிய, நாருள்ள காகிதத்தை நனைத்து, நீண்ட ஈயக் குண்டைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் முறுக்கி உலரவிடுவர். காகிதம் ஈயத்தைக் குழலில் உரசவிடாது. ஆகவே ஈயம் படியாது. குழல்வாயைத் தாண்டியதும் காகிதம் துண்டு துண்டாகச் சிதறிவிடும். காகிதத்தின் கனம் சிறிதளவு மாறினாலும் குண்டு போய்ச்சேரும் இடம் மாறும். எனவே தேர்ந்த வீரர்கள் காகிதத்தையும் அளந்தே வாங்கினர். ஒவ்வொரு சூட்டுக்கும் இடையே குழலைத் துடைத்தனர். அல்லது குழலுக்குள் மூச்சை ஊதி, அதன் ஈரத்தால் கசட்டை இளக்கினர். நோக்கம் குழலைத் தூய்மையாக்குவது மட்டுமன்று. ஒவ்வொரு குண்டும் சந்திக்கும் குழல் முந்திய குண்டு சந்தித்த குழலைப்போலவே இருக்கவேண்டும் என்பதே.

முடிவில் அமெரிக்க அணி 934 புள்ளிகளும் அயர்லாந்து அணி 931 புள்ளிகளும் பெற்றன. கடைசிச் சூட்டைச் சுட்டவர் சான் போடைன். உடைந்த புட்டியால் கையில் குருதி வழிய, துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டு, நடுவட்டத்தைத் தொட்டார். அயர்லாந்து வீரர் ஒருவர் தம் நடுவட்டச் சூட்டைத் தவறுதலாக அடுத்தவர் இலக்கில் சுட்டதால் 4 புள்ளிகளை இழந்திருந்தார். அவை சேர்ந்திருந்தால் அவர்களுக்கு 935. காகிதம், பசை, மருந்து என அத்தனையும் நுட்பமாக அளந்த அணி, எந்த இலக்கு தன்னுடையது என்று ஒருகணம் பார்க்கத் தவறியதால் தோற்றது! தேர்வுத்தாளில் வினா எண்ணை மாற்றி எழுதிவிட்டு அழும் பிள்ளைகளை நாம் அறிவோமல்லவா?

4. செப்பு உறையும் வெள்ளீயப் பாடமும்

1880களில் எல்லாம் மாறியது. சுவிட்சர்லாந்தின் எட்வர்டு ரூபின் 1882இல் ஈயக் குண்டுக்குச் செப்பு உறை அணிவித்தார். 1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். புதிய மருந்து குண்டை முன்னிலும் மிக விரைவாகச் செலுத்தியது. அந்த வேகத்தையும் வெப்பத்தையும் வெறும் ஈயம் தாங்காது, காகிதமும் தாங்காது. உலோக உறை இன்றியமையாததாயிற்று.

பல நாடுகள் செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிற உலோகத்தை உறையாக்கின. அது உறுதியானது, துருப்பிடிக்காதது, பார்வைக்கு அழகானது. ஆனால், குழலின் முன்பகுதியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. நாற்பது, ஐம்பது சூடுகளுக்குள் இலக்கில் குண்டுகள் சிதறத் தொடங்கிவிடும். கட்டிகளைக் கரைக்கக் கடுமையான அம்மோனியாக் கரைசலைக் குழலில் ஊற்றி ஊறவைக்க வேண்டியிருந்தது. இந்தத் தொல்லைக்கு அமெரிக்கப் போட்டி வீரர்கள் ஒரு குறுக்குவழி கண்டனர். சுடுவதற்கு முன் குண்டின் முனையை மசகுக்கொழுப்பில் தோய்த்தெடுத்தனர். கசடு குறைந்தது. பழக்கம் பரவியது.

1921ஆம் ஆண்டுத் தேசியப் போட்டிகளுக்காக அரசின் பிராங்க்ஃபர்டு ஆயுதச் சாலை புதுவகைக் குண்டைத் தந்தது. செப்பு-நிக்கல் உறையின்மேல் மெல்லிய வெள்ளீய முலாம். வெள்ளீயம் குழலில் செம்பு படிவதைத் தடுக்கும் என்பதை முதல் உலகப்போரின்போது பிரெஞ்சுப் பீரங்கிப் படையினர் கண்டறிந்திருந்தனர். எதிர்பார்த்தபடியே புதிய குண்டு குழலைத் தூய்மையாகவே வைத்தது, இலக்கிலும் சிறந்தது. இதற்குக் கொழுப்பு தேவையில்லை, தோய்க்கக்கூடாது என்றும் அறிவுறுத்தப்பட்டது.

பழக்கம் அத்தனை எளிதில் விடுமா? தம் கொழுப்புக் குவளையை விட மனமில்லாத சிலர் வழக்கம்போல் தோய்த்தே சுட்டனர். துப்பாக்கிகள் சில சிதைந்தன. ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. பித்தளைத் தோட்டாவின் கழுத்து, சுடும்போது சற்று விரிந்தால்தான் குண்டு எளிதில் விடுபடும். அந்த விரிவுக்கான இடைவெளியைக் கொழுப்பு அடைத்துக்கொண்டது. அதனினும் எதிர்பாராதது, வெள்ளீயமும் பித்தளையும் நாளடைவில் தாமாகவே பற்றாசு வைத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டமை. குண்டு விடுபட மறுத்ததால் உள்ளழுத்தம் எல்லைமீறியது. படை அதிகாரி சூலியன் ஆச்சர் 1947இல் வெளியிட்ட தம் குறிப்பேட்டு நூலில் இந்நிகழ்ச்சியை விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

தனித்தனியே பார்த்தால் கொழுப்பும் நல்லது செய்தது. வெள்ளீயமும் நல்லது செய்தது. இரண்டு நன்மைகளைக் கூட்டினால் இரட்டை நன்மை கிடைக்கும் என்று எண்ணியதுதான் பிழை. பிள்ளைகளுக்குப் பள்ளி வகுப்பு நல்லது, மாலை வகுப்பும் நல்லது, இரவு வகுப்பும் நல்லது என்று அடுக்கிக்கொண்டே போகும் நாமும் இதைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

1922இல் அமெரிக்கர் செம்போடு சிறிதளவு துத்தநாகம் கலந்த பொன்னிற உறைக்கு மாறினர். கட்டியாக ஒட்டும் தொல்லை தீர்ந்தது. இன்றும் பெரும்பாலான போட்டிக் குண்டுகளின் உறை அவ்வகை உலோகமே.

5. கருநிறப் பொடியும் வெண்ணிறப் பொடியும்

அத்தோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. 1990களில் நெடுந்தொலைவுப் போட்டியாளர்களிடையே மாலிப்டினம் டைசல்பைடு என்னும் கருஞ்சாம்பல் நிறப் பொடி பெரும் வரவேற்பைப் பெற்றது. இதன் அணுக்கள் அடுக்கடுக்கான தாள்களைப்போல் அமைந்தவை. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் எளிதில் வழுக்கும். பென்சில் முனையிலுள்ள காரீயம் தாளின்மேல் வழுக்கிக் கோடு விடுவதும் இத்தகைய அடுக்கமைப்பால்தான். குண்டுகளையும் இப்பொடியையும் ஒரு கலனிலிட்டு நெடுநேரம் சுழலவிட்டால், பொடி உறையின்மேல் அழுந்திப் படியும். சிலர் அதன்மேல் பிரேசில் நாட்டுப் பனைவகையொன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகையும் பூசினர்.

உராய்வு குறைந்தது, செம்புக் கசடும் குறைந்தது. குழலைத் துடைக்காமலே நீண்டநேரம் சுடமுடிந்தது. இவை மெய்யான நன்மைகள். அதேவேளை, எதிர்பாராத விளைவொன்றும் தோன்றியது. உராய்வு குறைந்ததால் உள்ளழுத்தம் குறைந்து, அதே அளவு மருந்துக்குக் குண்டின் வேகமும் குறைந்தது. "பூச்சு பூசினால் வேகம் கூடும்" என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். குழலின் ஆயுள் பெருமளவு நீளும் என்ற நம்பிக்கையும் அவ்வாறே தளர்ந்தது. குழலின் தொண்டைப்பகுதியை முதன்மையாக அரிப்பது கொதிக்கும் வளிமமே, குண்டின் உராய்வன்று.

குறைகளும் தெரியவந்தன. தூய்மையான குழலில் முதலிற்சுடும் சில குண்டுகள் தனிவழி போகும். குழலில் பொடி சீராகப் படிந்த பின்னரே சூடுகள் ஒன்றுகூடும். பூசிய குண்டையும் பூசாத குண்டையும் கலந்து சுட்டால் இலக்கில் இடம் மாறும். படிந்த பொடியின் அடியில் ஈரம் தங்கினால் குழல் அரிக்கப்படலாம்.

இக்குறைகளால் மனம் சலித்தோர் பின்னர்ப் போரான் நைட்ரைடு என்னும் வெண்ணிறப் பொடியை நாடினர். இதுவும் அடுக்கமைப்புக் கொண்டதே. மாலிப்டினப் பொடி காற்றில் ஏறத்தாழ 400 பாகை செல்சியசை நெருங்கும்போதே சிதையத் தொடங்க, இது அதைப்போல் இருமடங்கு வெப்பத்தையும் தாங்கும். கையில் கறை படியாது. ஈரத்தோடு சேர்ந்து அரிக்காது. ஆயினும், குழலைப் பழக்கவேண்டும் என்பதும் வேகம் சற்றுக் குறையும் என்பதும் இதற்கும் பொருந்தும். இன்றும் சில வாகையாளர்கள் பூச்சோடு சுடுகின்றனர். சிலர் வெறும் உறையோடே சுடுகின்றனர்.

6. எதைத் தேர்ந்தெடுப்பது?

அப்படியானால் எந்தப் பூச்சு சிறந்தது? நானும் இந்தக் கேள்வியோடுதான் படிக்கத் தொடங்கினேன். தேர்ந்த வீரர்கள் கேட்பதோ வேறு கேள்வி: "எந்தப் பூச்சு என் துப்பாக்கியில், ஒவ்வொரு சூட்டையும் முந்திய சூட்டைப்போலவே வைத்திருக்கிறது?"

ஒரு கணக்கைப் பாருங்கள். 1000 கெஜம் என்பது 914 மீட்டர். 7.62 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான போட்டிக் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அந்த வேகத்தில் வினாடிக்கு 3 மீட்டர் மட்டும் குறைந்தால், இலக்கில் அது ஏறத்தாழ 8 முதல் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து போய்ச்சேரும். எஃப்-வகுப்பு எனப்படும் போட்டியில் அத்தொலைவில் மிகச்சிறிய நடுவட்டத்தின் விட்டம் 5 அங்குலம். அதாவது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். நடுப்புள்ளியிலிருந்து விளிம்புக்கு ஆறரைச் சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வேகத்தில் நூற்றில் அரைப்பங்குகூட இல்லாத மாற்றம், குண்டை நடுவட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

ஆகவே, சராசரி வேகம் கூடியதா குறைந்ததா என்பது பெரிதன்று. குறைந்தால் குறிகாட்டியைத் திருத்திக்கொள்ளலாம். சூட்டுக்குச் சூடு வேறுபாடு எவ்வளவு என்பதே பெரிது. நமக்கு இது புதிதா என்ன? ஐந்து சோதனைகளில் 70, 71, 69, 70, 70 வாங்கும் மாணவனுக்கும், 95, 45, 80, 50, 80 வாங்கும் மாணவனுக்கும் சராசரி 70தான். இருவரும் ஒன்றா? முதலாமவனுக்கு அடுத்து என்ன கற்பிக்கவேண்டும் என்று நமக்குத் தெரியும். இரண்டாமவனிடம் ஏதோ ஒன்று நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது. அது வீட்டிலா, உடல்நலத்திலா, வகுப்பிலா என்று முதலில் தேடவேண்டும்.

வீரர்கள் சோதிக்கும் முறையும் நம் அறிவியல் பாடத்தின் நியாயமான சோதனையேதான். ஒரே துப்பாக்கி, ஒரே தொகுதிக் குண்டுகள், ஒரே மருந்து. மாற்றுவது பூச்சை மட்டும். பூச்சால் வேகம் மாறுமாதலால், வேகத்தை அளந்து சமன்செய்த பின்னரே ஒப்பிடுவர். குழல் பழகும்வரை சுட்ட சூடுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்து சூடு நன்றாக அமைந்துவிட்டால் மகிழ்ந்து நின்றுவிடாமல், வேறு வேறு நாள்களில், வெயிலிலும் ஈரத்திலும் மீண்டும் சுடுவர். இறுதியில் வேறுபாடு தென்படாவிட்டால், பூசாமல் விடுவதே அறிவுடைமை. தேவையற்ற ஒவ்வொரு படியும் பிழை நுழைவதற்கான வாயில்.

7. மீண்டும் வகுப்பறையில்

விடுமுறைக்குப் பிந்திய முதல் வரலாற்றுப் பாடவேளையில், "சென்ற முறை நான் சொன்ன விடை தவறு" என்று தொடங்கினேன். வகுப்பில் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை. கருமருந்தின் கசட்டைச் சொன்னேன். காகிதத்தைச் சுருட்டித் தோட்டா எப்படி இருந்தது என்று காட்டினேன். எச்சரித்த அதிகாரியைச் சொன்னேன். சிப்பாய்களின் அச்சம் மூடத்தனமன்று, தங்கள் வாயில் படுவது என்னவென்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது என்பதையும் சொன்னேன்.

கேள்வி கேட்ட மாணவன் சிறிதுநேரம் யோசித்தான். பிறகு, "முன்னாடியே சொன்னாரே ஒருத்தரு, அவரு சொன்னதைக் கேட்டிருந்தா, தேன்மெழுகை மட்டும் போட்டிருக்கலாம்ல, ஐயா?" என்றான்.

கேட்டிருக்கலாம். கொழுப்பில்லாத பூச்சு முடியாத ஒன்றன்று. சிப்பாய்களே எண்ணெயும் மெழுகும் பூசிக்கொள்ளலாம் என்று பின்னர் இறங்கிவந்ததே அதற்குச் சான்று. முன்பே செய்திருக்க வேண்டியதை, ஐயம் கிளம்பிய பிறகே செய்தார்கள்.

நானும் அவனுடைய இரண்டாவது கேள்வியை மணியோசையில் நழுவவிட்டிருக்கலாம். வகுப்பில் 28 பிள்ளைகள் தவறான விடையை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அதை மெய்யென்று நம்பியும் இருப்பார்கள். அவர்களுள் ஒருவன்தான் அமராமல் நின்றான். உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் அப்படி நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். மணி அடித்தாலும் அதன் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பணிவான வேண்டுகோள்.

இப்பொருள் குறித்து உங்கள் வகுப்பறைப் பட்டறிவு ஏதேனும் இருப்பின் அன்புகூர்ந்து எழுதுங்கள்.